இல்லறப் பக்கம்: ஜப்பானியரின் கட்டுச்சோறு



மாதுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், பொழுது விடியும்போதே ஒரு கவலையும் உடன் எழுந்துவிடுகிறது. "இன்று டப்பாவில் எதை வைத்து அனுப்புவது?" என்பதே அக்கவலை. கணவருக்கு ஒன்று, கல்லூரி செல்லும் மகனுக்கு ஒன்று, பள்ளிக் குழந்தைக்கு ஒன்று என்று மூன்று டப்பாக்களை நிரப்பி மூடுவதற்குள் பாதி நாளைய உழைப்பு தீர்ந்துவிடுகிறது. அத்துடன் காய்கறி விலையும் எண்ணெய் விலையும் மனத்தை உறுத்துகின்றன. இதே வேலையை ஜப்பானிய இல்லத்தரசி எவ்வாறு குறைந்த செலவில், அதிக ஆரவாரமின்றிச் செய்து முடிக்கிறாள் என்பதைப் பற்றி இத்திங்கள் எழுத விரும்புகிறேன். இது நூலில் படித்ததன்று. ஓர் அடுக்களையில் நின்று பார்த்துக் கற்றது.

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை டோக்கியோவில் என் மகன் இல்லத்தில் தங்கியிருந்தேன். எதோகாவா வட்டத்தில் நிஷிகசாய் என்னும் பகுதியில் நம் நாட்டுக் குடும்பங்கள் பல வாழ்கின்றன. துவரம்பருப்பும் சோனா மசூரி அரிசியும் விற்கும் கடைகள் அங்கு உண்டு. என் பேத்திக்கு அப்போது வயது நான்கு. ஏப்ரல் மாதத்தில்தான் ஜப்பானில் பள்ளி ஆண்டு தொடங்குகிறது. அவ்வாண்டு அவளைச் சேர்த்த மழலையர் பள்ளியில், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து பகலுணவு கொண்டுவர வேண்டும் என்பது விதி.

அங்குப் பகலுணவுப் பெட்டிக்குப் பென்ட்டோ என்று பெயர். ஜப்பானில் 1954-ஆம் ஆண்டிலேயே பள்ளி மதிய உணவுக்கெனச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். ஆகையால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளியில் சமைக்கும் உணவையே உண்கின்றனர். மழலையர் பள்ளிக் குழந்தைகளில் பலரும், உயர்நிலைப் பள்ளி மாணவரும், அலுவலகம் செல்வோரும்தாம் பென்ட்டோவை நம்பியிருப்பவர்கள்.

என் மருமகள் கெட்டிக்காரி. ஆயினும் புது ஊர், புதுப் பள்ளி. மற்றக் குழந்தைகளின் பெட்டிகள் எப்படியிருக்குமோ என்ற அச்சம் அவளைப் பிடித்துக்கொண்டது. படங்களில் காணும் பென்ட்டோக்களைப் பார்த்துப் பார்த்து, சோற்றைக் கரடியாகவும் பூனையாகவும் ஆக்கும் அச்சுகள், காய்களைப் பூப்போல் வெட்டும் வில்லைகள், வண்ணக் குச்சிகள், உறைநிலையில் விற்கும் சிறு சிறு பண்டங்கள் என வாங்கிக் குவித்தாள். முதல் மாதம் இவற்றுக்கு ஆன செலவில் 5 கிலோ அரிசி வாங்கியிருக்கலாம். அவ்வாண்டு ஜப்பானில் அரிசி விற்ற விலையைக் கேட்டால் இதன் பொருள் விளங்கும். 5 கிலோ அரிசியின் சராசரி விலை 4,000 யென்னைத் தாண்டிவிட்டது. முந்திய ஆண்டில் ஏறக்குறைய அதிற்பாதிதான். அரசாங்கமே தன் சேமிப்புக் களஞ்சியத்திலிருந்து அரிசியை வெளியே விடும்படி ஆயிற்று.

இவ்வளவு செலவு செய்தும் பயன் யாது? பெட்டி பாதி நிறைந்தபடியே வீடு திரும்பியது. ஒரு நாளன்று, இரு நாளன்று; நான்கு வாரம். "குழந்தை மெதுவாக உண்கிறாள்; முடிப்பதற்குள் நேரம் ஆகிவிடுகிறது" என்று ஆசிரியை எழுதியனுப்பினாள். மருமகள் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு அடுக்களை விளக்கை அணைத்துவிட்டு இருளில் அமர்ந்திருந்தாள். "அத்தை, என் பெண் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறாள், நான் இங்கே பூ வெட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னபோது அவள் குரல் தழுதழுத்தது.

அதே குடியிருப்பின் கீழ்த்தளத்தில் எழுபது வயதைக் கடந்த ஜப்பானிய மூதாட்டி ஒருத்தி தனித்து வாழ்ந்தாள். மூன்று பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் பென்ட்டோ கட்டி அனுப்பிய அனுபவசாலி. என் மருமகளுக்கு ஜப்பானிய மொழி ஓரளவு வரும். அவளிடம் சென்று முறையிட்டாள். மறுநாள் காலை அம்மூதாட்டி எங்கள் இல்லத்துக்கு வந்து, பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே எலுமிச்சஞ்சாதம் கரடி வடிவில் இருந்தது. ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினாள். "அரிசிதான் குற்றம்" என்றாள்.

உண்மை அதுவே. சோனா மசூரி, பொன்னி முதலிய நம் அரிசி வகைகளில் அமைலோஸ் என்னும் மாவுச்சத்து மிகுதி. சுடச்சுட உண்ணும்போது பொலபொலவென்று இருக்கும் சோறு, ஆறியதும் விறைத்து உதிர்கிறது. நான்கு வயதுக் குழந்தையின் சிறு முள்கரண்டியில் அது நிற்பதில்லை. ஜப்பானியரின் குட்டை அரிசியில் அமைலோஸ் குறைவு. ஆகவே ஆறினாலும் மென்மை கெடாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். நம் மும்பை டப்பாவாலாக்கள் 1890 வாக்கிலிருந்து செய்துவரும் தொண்டு, வீட்டில் சமைத்த உணவை நண்பகலுக்குள் அலுவலகத்தில் சேர்ப்பது. பென்ட்டோவோ காலையிலேயே உடையவனோடு புறப்பட்டு, அவன் பக்கத்திலேயே ஆறிக் கிடப்பது. ஆறிய பின்னும் உண்ணத்தக்கதாக இருப்பதே அதன் முதல் இலக்கணம்.

அரிசிக் குற்றம் தீர்ந்தது. ஆனால் செலவுக் குற்றம் தீரவில்லை. "காலையில் என்னென்ன சமைக்கிறாய்?" என்று மூதாட்டி கேட்டாள். மருமகள் ஐந்து பதார்த்தங்களின் பெயர்களை அடுக்கினாள். மூதாட்டி சிரித்துவிட்டு, "நான் காலையில் முட்டை மட்டுமே பொரிப்பேன். மற்றவையெல்லாம் நேற்றைய இராச் சமையலில் இருப்பவை" என்றாள்.

இதைக் கேட்டதும் மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். "அத்தை, பழையதையா குழந்தைக்குக் கட்டிக் கொடுப்பது?" என்று தமிழில் கேட்டாள். எனக்கும் அதே எண்ணந்தான். பழையதை நாம் வீட்டில் உண்போம். மோர் ஊற்றி, வெங்காயம் கடித்து, விரும்பியே உண்போம். ஆனால் பிறர் காணும் இடத்திற்குக் குழந்தையிடம் கொடுத்தனுப்ப மனம் ஒப்புவதில்லை. ஊரைவிட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு இந்தக் கூச்சம் இன்னும் ஒரு பங்கு அதிகம்.

மூதாட்டி எங்கள் தயக்கத்தை உணர்ந்துகொண்டாள் போலும். அன்று மாலை எங்களைத் தன் அடுக்களைக்கு அழைத்தாள். இரவு உணவு சமைத்து முடித்ததும், எவர் தட்டிலும் பரிமாறுவதற்கு முன்பே, ஒவ்வொரு பதார்த்தத்திலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து மூடியுள்ள சிறு கிண்ணங்களில் இட்டு, ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாள். "இது மிச்சமன்று. நாளைக்கு உண்ணப்போகிறவருக்கு இன்றே எடுத்து வைத்த பங்கு. இராச் சாப்பாட்டில் இதுவே முதற்பங்கு" என்றாள்.

சகோதரிகளே, குறைந்த செலவில் பென்ட்டோ கட்டுவதன் இரகசியம் இவ்வளவே. உண்டு கழித்த பின் எஞ்சுவதைத் திரட்டுவதன்று. உண்பதற்கு முன் பங்கு பிரிப்பது. தனியாக எரிபொருள் செலவில்லை. தனியாகக் காய் வாங்குவதில்லை. இரவு நால்வருக்குச் சமைப்பவள் நாலரைப் பேருக்குச் சமைக்கிறாள், அவ்வளவே. இம்முறை தெரிந்த பின் என் மருமகளின் கூச்சமும் நீங்கிற்று. எழும் நேரமும் ஐந்திலிருந்து ஆறு மணியாயிற்று.

இனி அளவைப் பற்றிச் சொல்வேன். ஜப்பானியர் பெட்டியையே அளவுகோலாகக் கொள்கின்றனர். பெட்டியின் கொள்ளளவு எத்தனை மில்லி லிட்டரோ, அதை இடைவெளியின்றி நிரப்பினால் ஏறக்குறைய அத்தனை கலோரி உணவு என்பது அங்கு வழங்கும் எளிய கணக்கு. எங்கள் பேத்திக்கு 300 மில்லி பெட்டி போதுமானதாயிருந்தது. வயதுவந்த பெண்மணிக்கு 600 மில்லி என்று சொல்கிறார்கள். பெட்டியை ஆறு பங்காகக் கருதி, சோற்றுக்கு மூன்று பங்கும், காய்கறிக்கு இரண்டு பங்கும், முட்டை, மீன், சோயாக்கட்டி போன்றவற்றுக்கு ஒரு பங்கும் ஒதுக்குவர். விலையுயர்ந்த பண்டம் ஆறில் ஒரு பங்கே என்பதைக் கவனியுங்கள். சிக்கனம் இங்கே கணக்கிலேயே அமைந்திருக்கிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு என ஐந்து நிறமும் பெட்டியில் இருந்தால், காய்கறி வகைகள் தாமாகவே மாறிமாறி வந்துவிடும். அச்சும் வில்லையும் தேவையில்லை.

இப்போது செய்முறை. எங்கள் இல்லத்தில் முட்டை உண்டு. மீனும் இறைச்சியும் இல்லை. ஆகவே அதற்கேற்பக் கற்றுக்கொண்டவற்றையே தருகிறேன்.

தமகோயாகி: இது முட்டைச் சுருள். இரண்டு முட்டையை அடித்து, ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் சில துளி சோயா சாஸும் கலந்துகொள்ளவும். எண்ணெய் தடவிய சிறு வாணலியில் மூன்றில் ஒரு பங்கை ஊற்றி, வெந்துவரும்போது பாய்போல் ஒரு பக்கமாகச் சுருட்டவும். காலியான இடத்தில் அடுத்த பங்கை ஊற்றி, முந்திய சுருளின்மேல் சுற்றவும். மூன்றாம் முறையும் அவ்வாறே. வீட்டில் உடனே உண்பதற்கு உட்புறம் சற்று இளகியிருக்கலாம். பெட்டியில் வைப்பதற்கோ முழுதும் வேக வேண்டும்.

கின்பிரா: கோபோ என்னும் நீண்ட வேரையும் காரட்டையும் கொண்டு செய்யும் வறுவல் இது. சிக்கனமான இல்லங்களில் வெள்ளை முள்ளங்கியின் தோலையும் காரட்டின் தோலையும் எறியாமல் இதற்கே பயன்படுத்துகின்றனர். தீக்குச்சி போல் நறுக்கி, எள் எண்ணெயில் ஒரு மிளகாய் வற்றலுடன் வதக்கி, சோயா சாஸும் சிறிது சர்க்கரையும் சேர்த்து, ஈரம் முற்றும் வற்றும்வரை கிளறி, மேலே வறுத்த எள்ளைத் தூவ வேண்டும். இரண்டு மூன்று நாள் குளிர்பதனப் பெட்டியில் இருக்கும். ஜப்பானிய எள் எண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது; மணம் தூக்கலாக இருக்கும். நம் நல்லெண்ணெயிலும் செய்யலாம்.

கீரையும் எள்ளும்: பசலைக் கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டு எடுத்து, தண்ணீரில் அலசி, கையால் நன்றாகப் பிழிந்து நறுக்கவும். வறுத்துப் பொடித்த எள், சிறிது சர்க்கரை, சோயா சாஸ் மூன்றையும் கலந்து பிசறவும். கீரைக்குப் பதிலாக முளைப்பயறும் ஆகும். ஜப்பானியக் கடைகளில் மிகவும் மலிவான காய்களுள் அது ஒன்று. அங்கே அதைப் பச்சைப் பயற்றிலிருந்தும் உளுந்திலிருந்தும் முளைக்க வைக்கின்றனர்.

ஒகரா: சோயாப் பாலை வடித்த பின் நிற்கும் சக்கை. சோயாக்கட்டி செய்யும் இடங்களில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பொடியாக நறுக்கிய காரட்டும் வெங்காயத்தாளும் சேர்த்து, சிறிது இனிப்பும் சோயா சாஸும் இட்டுப் புட்டுபோல் உதிரியாகக் கிளறுவர்.

சோற்றின்மேல் தூவும் பொடி: கோம்பு என்னும் கடற்பாசியை ஊறவைத்துக் கொதிக்கவைத்த சாறு ஜப்பானியர் சமையலுக்கு அடிப்படை. சாறு எடுத்த பின் அப்பாசியை எறிவதில்லை. பொடியாக நறுக்கி, சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, சோற்றின்மேல் இடுவர். மரக்கறி உண்பவர்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். கடையில் விற்கும் சாற்றுப் பொடியிலும் தூவற்பொடியிலும் பெரும்பாலும் உலர்ந்த மீன் சேர்ந்திருக்கும். கோம்பும் உலர்ந்த ஷியிதாகே காளானும் கொண்டு வீட்டிலேயே சாறு எடுப்பது நன்று.

அரிசி விலை ஏறியபோது மூதாட்டி என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். சோற்றில் பார்லி கலந்தாள். அது ஜப்பானில் பழைய வழக்கமே. கடைகளில் பொழுது சாயும் வேளையில் பாதி விலைச் சீட்டு ஒட்டிய பண்டங்களை வாங்கி, அன்றிரவே சமைத்தாள். பெட்டியும் நூறு யென் கடையில் வாங்கியதுதான். வரியுடன் 110 யென். வசதிக் கடைகளில் விற்கும் ஆயத்தப் பென்ட்டோ பெரும்பாலும் 500 யென்னுக்கு மேற்படும் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு மாதத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது விளங்கும். தம் பெட்டியைத் தாமே கட்டிக்கொள்ளும் ஆடவரும் அங்கே இருக்கின்றனர். என் மகனும் ஜூன் மாதத்திலிருந்து இரவில் பங்கு எடுத்துவைக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டான்.

அலங்காரமே பென்ட்டோ என்று எண்ணுவது பிழை. அதன் வரலாறு எளிமையினின்று தொடங்குவது. பண்டைய வழிப்போக்கர் சமைத்து உலர்த்திய சோற்றை முடிந்து எடுத்துச் சென்றனர். எதோ காலத்தில் நாடகத்தின் இடைவேளையில் உண்பதற்கென ஒரு வகைப் பெட்டி தோன்றிற்று. இரயில் நிலையத்தில் முதன்முதலாக விற்ற பென்ட்டோ 1885-ஆம் ஆண்டு உத்ஸுனோமியா நிலையத்தில் விற்றது என்று பலர் கூறுவர். அது உப்பிட்ட இரண்டு சோற்று உருண்டையும் முள்ளங்கி ஊறுகாயும் மட்டுமே. 1939-இல், போர்க்காலச் சிக்கனத்துக்கென மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, வெள்ளைச் சோற்றின் நடுவே ஒரே ஒரு சிவந்த உமெபோஷி ஊறுகாயை வைத்து உண்ணச் செய்தனர். கொடியைப் போல் தோன்றியதால் அதற்குக் கொடியின் பெயரே வழங்கிற்று. அந்த நாட்களின் வறுமையை மூதாட்டியின் தாய் நேரில் கண்டவள். பெட்டியின் மூடியில் ஒட்டிய பருக்கையை முதலில் உண்ணும் பழக்கத்தைத் தாயிடமிருந்து கற்றதாக மூதாட்டி சொன்னாள்.

நிற்க. மும்பையில் வாழும் நாம் இம்முறையை அப்படியே கைக்கொள்ளலாமா? எடுத்து வைக்கும் பங்கையும் ஆறுபங்குக் கணக்கையும் தயங்காமல் கொள்ளலாம். ஆனால் நம் ஊர் வெப்பம் வேறு. ஜப்பானிலேயே ஜூன் மாத மழைக்காலம் தொடங்கியதும் தாய்மார் எச்சரிக்கையாகிவிடுகின்றனர். அவர்கள் கடைப்பிடிக்கும் விதிகள் இவை:

1. இரவில் எடுத்துவைத்த பங்கைக் காலையில் நன்றாகச் சுடவைத்து, பின்னர் ஆறவைத்தே பெட்டியில் இட வேண்டும்.

2. சோறு அன்று காலை வடித்ததாக இருக்கட்டும். இரவு முழுதும் வெளியே கிடந்த சோற்றில் கிருமி பெருகும். அது ஈனும் நஞ்சு திரும்பச் சுடவைத்தாலும் அழியாது.

3. சூடு தணியும் முன் மூடியை இடலாகாது. ஆவி நீராகிச் சொட்டினால் உணவு கெடும்.

4. சாறு உள்ள பதார்த்தமும், ஈரம் வடியாத பச்சைக் காயும் பெட்டிக்கு ஆகா.

5. வெயில் காலத்தில் பெட்டியுடன் ஒரு பனிக்கட்டிப் பையும் செல்லட்டும்.

ஒரு புளித்த உமெபோஷியை நடுவில் வைத்துவிட்டால் சோறு முழுதும் கெடாது என்று அங்கே பலர் நம்புகின்றனர். அது தொட்ட இடத்தைத்தான் காக்கும் என்று மூதாட்டியே சொன்னாள். அப்போது எனக்கு நம் புளியோதரை நினைவுக்கு வந்தது. புளியைச் சோற்றின் ஒவ்வொரு பருக்கையிலும் கலந்து, நல்லெண்ணெயில் தோய்த்துக் கட்டிக்கொண்டு யாத்திரை போன நம் பாட்டிமார் அந்த நுட்பத்தை நன்கு அறிந்திருந்தனர். அதை அவளிடம் சொன்னேன். எனக்கு அதன் செய்முறை வேண்டும் என்றாள். ஜப்பானிய அரிசியில் புளிக்காய்ச்சலைக் கலந்து ஒரு நாள் கொடுத்தேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மே மாதத்தின் இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை. பள்ளியிலிருந்து திரும்பிய பேத்தி தன் பையை என் மடியில் போட்டாள். மருமகள் பெட்டியை எடுத்துக் காதருகே அசைத்தாள். உள்ளே முள்கரண்டி மட்டும் கலகலத்தது. அன்று பெட்டியில் இருந்தவை: குட்டை அரிசிச் சோற்றில் பிடித்த இரண்டு சிறு எலுமிச்சை உருண்டைகள், முட்டைச் சுருள் இரண்டு துண்டு, முதல் நாள் இரவுக்குச் செய்த காரட் வதக்கல், எள் பிசறிய கீரை. கரடியும் இல்லை, பூனையும் இல்லை. "நாளைக்கும் இதையே வை அம்மா" என்றாள் குழந்தை.

வாங்கிக் குவித்த அச்சுகளை நான் ஊர் திரும்பும்போது மருமகள் என் பெட்டியில் வைத்தனுப்பினாள். நவராத்திரிக்கு மாவிளக்கும் சீடையும் செய்யும்போது நம் சங்கத்துக் குழந்தைகள் விளையாட உதவும் என்று எடுத்துவைத்திருக்கிறேன்.

நேயர்கள் தத்தம் இல்லத்தில் இரவிலேயே எடுத்துவைத்து, மறுநாள் டப்பாவில் கட்டிப் பயன் கண்ட பதார்த்தங்களை எழுதியனுப்பினால், அவற்றுள் மலிவும் சுவையும் ஒருங்கே அமைந்தவற்றை அடுத்த இதழில் இப்பக்கத்தில் வெளியிடுகிறேன். செலவுக் கணக்கையும் உடன் எழுதுங்கள்.